கேட்குதா, கேட்கிறீர்களா? 'ஹியர்', 'லிசன்' பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களுக்குப் பல வருடங்களாக வகுப்பெடுக்கிறேன். எந்தப் புதுக் குழு வந்தாலும் முதல் மாதத்திலேயே 'ஹியர்', 'லிசன்' இரண்டும் தகராறு செய்துவிடும். காரணம் எளிது. ஆங்கிலத்தில் 'ஹியர்', 'லிசன்', 'ஆஸ்க்' என்று மூன்று வினைச்சொற்கள் செய்கிற வேலையை நம் 'கேள்' ஒற்றை ஆளாகச் செய்கிறது. பாட்டையும் கேட்கிறோம், சத்தமும் கேட்கிறது, வழியும் கேட்கிறோம். வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

போனில் நாம் பேசுவதை நினைத்துப் பாருங்கள். சிக்னல் சரியில்லை என்றால் "ஹலோ, கேக்குதா?" என்போம். எதிரில் இருப்பவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டு 'ம்', 'ம்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் "நான் சொல்றதைக் கேக்குறீங்களா?" என்போம். முதலாவது 'ஹியர்', இரண்டாவது 'லிசன்'. முதலாவது காதைப் பற்றிய கேள்வி. இரண்டாவது மனதைப் பற்றியது.

அதாவது, சத்தம் தானாக வந்து காதில் விழுந்தால் 'ஹியர்'. நாமாக முனைந்து கவனம் கொடுத்தால் 'லிசன்'. இந்த அளவுக்கு எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். ஆனால் ஒன்றை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன்: இந்த வித்தியாசம் தமிழில் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆங்கிலம் அதை இரண்டு சொற்களில் வைத்திருக்கிறது, தமிழ் வேற்றுமை உருபில் வைத்திருக்கிறது. "எனக்கு மணிச்சத்தம் கேட்டது" என்கிறோம். "நான் பாட்டுக் கேட்டேன்" என்கிறோம். 'எனக்கு' வந்தால் அது நமக்கு நிகழ்ந்தது, 'நான்' வந்தால் அது நாம் செய்தது. ஆகவே ஆங்கிலத்தில் பேசும்போது தடுமாற்றம் வந்தால் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். 'எனக்குக் கேட்டது' என்று வந்தால் 'ஹியர்'. 'நான் கேட்டேன்' என்று வந்தால் பெரும்பாலும் 'லிசன்'.

கண்ணுக்கும் இதே கதைதான். "தூரத்தில் மலை தெரிகிறது" என்பது 'சீ', "மலையைப் பார்" என்பது 'லுக்'. நமக்குப் பழக்கமான பாதைதான் இது.

இந்த 'எனக்கு – நான்' சோதனை எல்லா இடத்திலும் சரியாக வருமா?

எல்லா இடத்திலும் வராது. மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று, "ராத்திரி ஒரு சத்தம் கேட்டேன்" என்று 'நான்' போட்டும் பேசுகிறோம். அதனால் அது 'லிசன்' ஆகிவிடாது. அந்த இடத்தில் 'எனக்கு ஒரு சத்தம் கேட்டது' என்று மாற்றிச் சொன்னாலும் பொருள் கெடவில்லை பாருங்கள். அப்படி மாற்ற முடிந்தால் 'ஹியர்'தான்.

இரண்டு, செய்தி. "உங்களுக்கு வேலை கிடைத்ததாகக் கேட்டேன்" என்பது 'ஐ ஹர்ட் யூ காட் எ ஜாப்'. இங்கே 'லிசன்' வரவே வராது. தமிழில் இதற்கென்றே 'கேள்விப்பட்டேன்' என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. கேள்விப்படுவது எல்லாம் 'ஹியர்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் நுட்பமானது. டிசம்பர் சீசனில் சென்னை மியூசிக் அகாடமியில் உட்கார்ந்து ஒரு கச்சேரியை மூன்று மணி நேரம் ஒன்றிப்போய்க் கேட்கிறீர்கள். மறுநாள் நண்பரிடம் சொல்லும்போது 'ஐ ஹர்ட் ஹர் அட் த மியூசிக் அகாடமி' என்பதுதான் இயல்பான ஆங்கிலம். அத்தனை கவனமாகக் கேட்டும் ஏன் 'ஹியர்'? அங்கே கவனம் செலுத்திய செயலைப் பற்றி நீங்கள் பேசவில்லை. முழுக் கச்சேரியும் உங்களுக்குக் கிடைத்த அனுபவம், அந்த அனுபவத்தைச் சொல்கிறீர்கள். 'ஹேவ் யூ ஹர்ட் திஸ் சாங்?' என்று கேட்பதும் அப்படித்தான். இந்தப் பாட்டு உனக்குத் தெரியுமா, எப்போதாவது காதில் விழுந்திருக்கிறதா என்று பொருள். அதையே 'ஹேவ் யூ லிசன்ட் டு இட்?' என்றால், நான் அனுப்பினேனே, உட்கார்ந்து கேட்டாயா என்ற தொனி வந்துவிடும்.

'மை ஹாபி இஸ் ஹியரிங் சாங்ஸ்' என்று சொல்லலாமா?

வேண்டாம். நேர்காணலுக்குத் தயாராகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். பொழுதுபோக்கு என்பது நாமாகத் தேர்ந்து செய்வது. பக்கத்து டீக்கடையில் ஓடும் பாட்டு காதில் விழுவது பொழுதுபோக்கு ஆகாது. 'லிசனிங் டு மியூசிக்' அல்லது 'ஐ லைக் லிசனிங் டு சாங்ஸ்' என்று சொல்லுங்கள்.

வானொலி, பாட்காஸ்ட், சொற்பொழிவு எல்லாவற்றுக்கும் 'லிசன்'தான். வானொலி கேட்பவரை ஆங்கிலத்தில் 'லிசனர்' என்கிறார்கள். நம் அறிவிப்பாளர்கள் அதற்கு 'நேயர்' என்ற சொல்லைப் பிடித்தார்கள். நேயம் உள்ளவர், அன்புள்ளவர். 'அன்பார்ந்த நேயர்களே' என்ற குரலோடு வளர்ந்த எனக்கு, 'லிசனர்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் நம் சொல்லில் உள்ள நெருக்கம் நினைவுக்கு வரும்.

'லிசன்' என்றால் கூடவே 'டு' கட்டாயமா?

எதைக் கேட்கிறோம், யாரைக் கேட்கிறோம் என்று சொன்னால் கட்டாயம். 'லிசன் டு மீ', 'லிசன் டு திஸ்'. 'லிசன் மீ' என்பது பிழை. ஆள், பொருள் எதுவும் பின்னால் வராவிட்டால் 'டு' வேண்டாம்: 'ப்ளீஸ் லிசன்.' அதேபோல 'ஹியர்' பக்கத்தில் 'டு' போடக் கூடாது. 'ஐ ஹர்ட் டு ஹிம்' தவறு, 'ஐ ஹர்ட் ஹிம்' சரி.

ஒரு சத்தத்தை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால் 'லிசன் ஃபார்'. குக்கரில் மூன்றாவது விசில் எப்போது வரும் என்று காத்திருக்கிறீர்கள் அல்லவா, அது 'லிசனிங் ஃபார் த விசில்'. விசில் வந்துவிட்டது: 'ஐ ஹர்ட் இட்.' இந்த இரண்டையும் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. வகுப்பில் சமைக்கிறவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

'ஐ ஆம் ஹியரிங் யூ' ஏன் தவறு? 'ஆம் ஐ ஆடிபிள்' சரியா?

காதில் விழுவது நாம் செய்துகொண்டிருக்கும் செயல் இல்லை, ஒரு நிலை. அதனால் 'ஹியர்' பொதுவாக 'இங்' வடிவத்துக்குப் போகாது. இப்போது கேட்கிறது என்று சொல்ல ஆங்கிலம் 'கேன்' என்ற துணையைப் பிடிக்கிறது: 'ஐ கேன் ஹியர் யூ.' 'லிசன்' செயல் என்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை. 'ஐ ஆம் லிசனிங்' முழுக்கச் சரி.

சில விலக்குகள் உண்டு. கொஞ்ச நாளாகவே ஒரு செய்தி திரும்பத் திரும்பக் காதுக்கு வந்தால் 'ஐ ஹேவ் பீன் ஹியரிங் எ லாட் அபவுட் யூ' என்பார்கள். நீதிமன்றம் வழக்கை விசாரித்துக்கொண்டிருந்தால் 'த கோர்ட் இஸ் ஹியரிங் த கேஸ்'. இல்லாத குரல்கள் கேட்பதாக ஒருவர் மருத்துவரிடம் சொன்னால் அதுவும் 'ஹியரிங் வாய்சஸ்'.

'ஆம் ஐ ஆடிபிள்?' 2020இல் எல்லாரும் ஆன்லைனுக்குப் போனபோது நம் நாட்டில் காட்டுத்தீயாகப் பரவிய வாக்கியம். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. நம்மவர்களுக்குள் பேசும்போது தாராளமாகச் சொல்லலாம். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும்போது 'கேன் யூ ஹியர் மீ?' என்றே கேளுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கேட்பது அப்படித்தான். சொல்லவும் எளிது.

போனில் எதிர்முனை சரியாகக் கேட்காவிட்டால் என்ன சொல்வது?

இதில் நான் பட்ட அனுபவம் உண்டு. முதல் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார். லைன் கரகரத்தது. "சரியாகக் கேட்கவில்லை" என்று சொல்ல நினைத்து, 'சாரி, ஐ டிட்ன்ட் லிசன்' என்றேன். மறுமுனையில் ஒரு கணம் அமைதி. பிறகு அவர் குரலில் இருந்த இளக்கம் போய்விட்டது. அன்று மாலை என் மேலதிகாரி கூப்பிட்டு விளக்கிய பிறகுதான் புரிந்தது. 'மன்னிக்கவும், நீங்கள் பேசியதை நான் கவனிக்கவில்லை' என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். லைனில் இருந்த குறையை என் அலட்சியம் ஆக்கிவிட்டேன். இந்த இரண்டு சொற்களையும் பிற்பாடு நான் இவ்வளவு அக்கறையாகச் சொல்லித்தர அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

சொல்ல வேண்டியது: 'சாரி, ஐ டிட்ன்ட் ஹியர் யூ' அல்லது 'ஐ குட்ன்ட் ஹியர் தட்'. 'ஐ டிட்ன்ட் கேட்ச் தட்' என்பதும் நன்றாக இருக்கும். உண்மையிலேயே கவனம் சிதறியிருந்தால் மட்டும் 'ஐ வாஸ்ன்ட் லிசனிங்'.

"என் பையன் சொல்பேச்சுக் கேட்பதில்லை" – இதை எப்படிச் சொல்வது?

'ஹி டஸ்ன்ட் லிசன் டு மீ.' கீழ்ப்படிதல் என்ற பொருளில் எப்போதும் 'லிசன்'. 'ஹி டஸ்ன்ட் ஹியர் மீ' என்று ஆசிரியரிடம் சொன்னால் பையனுக்குக் காதில் ஏதோ குறை என்று நினைத்துவிடுவார்.

கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒன்று என்பது பல மொழிகளில் இருக்கிற எண்ணம். ஆங்கிலத்தில் கீழ்ப்படிதலுக்கு உள்ள 'ஒபே' என்ற சொல்லின் லத்தீன் மூலத்திலும் 'ஆடிரே', அதாவது கேட்பது, ஒளிந்திருக்கிறது.

'ஹியர் ஃப்ரம்', 'ஹியர் ஆஃப்', 'ஹியர் அபவுட்' மூன்றும் ஒன்றா?

இல்லை. ஒருவரிடமிருந்தே தகவல் வந்தால் 'ஃப்ரம்': கடிதம், போன், மெயில் எதுவானாலும். மெயிலின் கடைசியில் எழுதும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதில் 'டு ஹியர்' என்று எழுதிவிடாதீர்கள், 'டு ஹியரிங்'தான் வரும். அப்படி ஒருவர், ஒரு பொருள், ஓர் ஊர் இருப்பதே தெரியும் என்றால் 'ஆஃப்'. விவரம் தெரியவந்தால் 'அபவுட்'. 'ஐ வோன்ட் ஹியர் ஆஃப் இட்' என்றால் மட்டும் பொருள் வேறு: "அந்தப் பேச்சே வேண்டாம்." வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க வரும்போது சொல்வோமே, அது.

'ஹர்ட் ஹிம் சிங்', 'ஹர்ட் ஹிம் சிங்கிங்' – எது சரி?

இரண்டும். முதலாவதில் பாட்டு முழுக்கக் காதில் விழுந்தது. இரண்டாவதில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது நடுவில் காதில் விழுந்தது. செயப்பாட்டு வினையாக மாற்றினால் 'டு' முளைக்கும்: 'ஹி வாஸ் ஹர்ட் டு சே'.

ஒட்டுக் கேட்பதற்கு எந்தச் சொல்?

அடுத்தவர் பேச்சு நம்மை அறியாமல் காதில் விழுந்தால் 'ஓவர்ஹியர்'. பஸ்ஸில் முன் சீட்டில் பேசுவது கேட்பது இது. வேண்டுமென்றே மறைந்து நின்று கேட்டால் 'ஈவ்ஸ்டிராப்'. 'ஈவ்ஸ்' என்பது சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கூரையின் விளிம்பு, நம் ஊரில் இறவாணம் என்பார்கள். அதிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்தில், சுவரை ஒட்டி நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்டவனுக்குப் பழைய இங்கிலாந்தில் 'ஈவ்ஸ்டிராப்பர்' என்று பெயர். அங்கே அது குற்றமாகவும் இருந்தது. நாம் 'ஒட்டுக் கேட்பது' என்கிறோம். இரண்டு ஊரிலும் ஆள் அதே சுவரோரத்தில்தான் நிற்கிறான்.

நீதிமன்றத்தில் ஏன் 'லிசனிங்' என்று சொல்லாமல் 'ஹியரிங்' என்கிறார்கள்?

நல்ல கேள்வி. நீதிபதி கவனமாகக் கேட்கத்தானே வேண்டும்? பழைய ஆங்கிலத்திலிருந்தே 'ஹியர்' என்பதற்கு, ஒருவர் சொல்வதைக் கேட்டு முடிவு சொல்லும் அதிகாரம் என்ற பொருளும் உண்டு. எதிர்த்தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற இயற்கை நீதிக் கோட்பாட்டை லத்தீனில் 'ஆடி ஆல்ட்டெரம் பார்ட்டெம்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதை மொழிபெயர்க்கும்போது 'ஹியர் தி அதர் சைட்' என்றே எழுதுகிறார்கள். அந்த உரிமை 'ரைட் டு பி ஹர்ட்'.

இந்த 'ஆடி' வழி வந்த சொற்கள் நமக்கு நிறையத் தெரியும். ஆடியோ, ஆடியன்ஸ் எல்லாம் அந்தக் குடும்பம். எதிர்பாராத ஒன்று 'ஆடிட்'. ஒரு காலத்தில் கணக்குகளை உரக்க வாசிக்க, அதைக் கேட்டுச் சரிபார்த்தார்கள். 'ஆடிட்டர்' என்றால் கேட்பவர் என்றுதான் பொருள்.

ஒரு தொழிற்சாலையோ சுரங்கமோ வருமுன் மக்களைக் கூட்டி நடத்தும் 'பப்ளிக் ஹியரிங்' தெரிந்திருக்கும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் வருவது. தமிழில் அதைக் 'கருத்துக் கேட்புக் கூட்டம்' என்கிறோம். மொழிபெயர்த்தவரை மனதாரப் பாராட்ட வேண்டும். வெறும் 'கேட்பு' என்று விடாமல் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் பெயரிலேயே வைத்துவிட்டார்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒருவர் பேச்சை ஆமோதிக்க 'ஹியர், ஹியர்!' என்று குரல் கொடுப்பார்கள். 'ஹியர் ஹிம்', அதாவது 'அவர் சொல்வதைக் கேளுங்கள்' என்று முன்பு சொல்லிவந்தது சுருங்கி இப்படி ஆனது. பலர் இதை 'இங்கே, இங்கே' என்ற பொருள் வரும் எழுத்துகளில் தவறாக எழுதுகிறார்கள். கேட்பதற்கான 'ஹியர்' சொல்லுக்குள் காது என்ற 'இயர்' எழுத்துகள் முழுசாக இருக்கின்றன என்று நினைவு வைத்தால் குழப்பம் வராது.

'ஹியரிங் டெஸ்ட்', 'லிசனிங் டெஸ்ட்' வேறு வேறா?

வேறு வேறு. 'ஹியரிங் டெஸ்ட்' காது மருத்துவரிடம் எடுப்பது. எந்த அளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று டெசிபெல் கணக்கில் பார்ப்பார்கள். 'லிசனிங் டெஸ்ட்' மொழித் தேர்வில் வருவது. ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் அது 4 பகுதி, 40 கேள்வி, சுமார் 30 நிமிடம். ஒலிப்பதிவை ஒரே ஒருமுறைதான் ஓடவிடுவார்கள். விடுப்புக் கடிதத்தில் இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

உச்சரிப்பில் என்ன கவனிக்க வேண்டும்?

'லிசன்' எழுத்தில் 'ட்' இருக்கும், வாயில் வராது. 'லிஸ்டன்' என்று சொல்லாதீர்கள். விசில், காசில், ஃபாசன் போன்ற சொற்களிலும் அந்த எழுத்து இப்படித்தான் ஊமை.

'ஹியர்' என்பதன் இறந்தகாலம் 'ஹியர்ட்' இல்லை, 'ஹர்ட்'. காயப்படுத்துவதற்கும் 'ஹர்ட்' என்ற சொல் இருக்கிறதே என்றால், கடைசி ஒலியில் வித்தியாசம் உண்டு. கேட்டதில் 'வண்டி'யில் வரும் மெல்லிய ஒலி, காயத்தில் 'பட்டம்' என்பதில் வரும் வல்லொலி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் வாயால் சொல்லிப் பழகுவதுதான் வழி.

இன்னொன்று: 'லிசன்' என்பதும் வடமொழிச் 'சுருதி'யும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. உரத்த என்று பொருள்படும் 'லவுட்' கூட அதே வேர்தான்.

'ஐ ஹியர் யூ', 'ஐ ஃபெல்ட் ஹர்ட்' என்று இப்போதெல்லாம் சொல்கிறார்களே, அங்கே 'லிசன்' வர வேண்டாமா?

இந்த 'ஹர்ட்' காயப்படுத்துவது இல்லை, 'ஹியர்' என்பதன் இறந்தகாலம். இங்கேதான் விதி தலைகீழாகிறது. 'ஐ ஹியர் யூ' என்றால் உங்கள் நிலை எனக்குப் புரிகிறது என்று பொருள். ஒத்துக்கொள்கிறேன் என்று பொருள் இல்லை. அலுவலகத்தில் மேலாளர் இதைச் சொன்னவுடன் சம்பள உயர்வு உறுதி என்று நினைத்துவிட வேண்டாம். 'ஐ ஃபெல்ட் ஹர்ட்' என்பது நான் சொன்னது அவர் மனதில் போய்ச் சேர்ந்தது என்ற நிறைவு. 'லிசன்' முயற்சி என்றால், அந்த முயற்சி பலித்த இடத்தை இந்த 'ஹியர்' குறிக்கிறது. கச்சேரி உதாரணத்தில் பார்த்ததும் இதுதான்: செயலைத் தாண்டி, அதனால் கிடைத்தது.

மாணவர்களிடம் இந்த இடத்தில் 'கேள்வி' அதிகாரத்துக் குறள் ஒன்றைக் கொடுப்பேன்: "கேட்பினுங் கேளாத் தகையவே கேள்வியால் தோட்கப் படாத செவி." நல்லோர் சொல்லால் துளைக்கப்படாத காது, சத்தம் கேட்டாலும் செவிட்டுக் காதுதான் என்கிறார் வள்ளுவர். இந்த ஏழு சீரில் 'கேள்' மூன்று முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 'ஹியர்' போடுவதா 'லிசன்' போடுவதா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். முதல் 'கேட்பினும்' காதின் வேலை, அது 'ஹியர்' என்பதில் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள். 'கேள்வி'க்கு என் ஓட்டு 'லிசனிங்'. நடுவில் உள்ள 'கேளா'வுக்கு இன்னும் எனக்கு மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை. செவிட்டுத்தன்மை என்று பார்த்தால் 'ஹியர்', உள்வாங்காத தன்மை என்று பார்த்தால் 'லிசன்'.

வீட்டில் தனியாக எப்படிப் பழகுவது?

வானொலியிலோ போனிலோ ஐந்து நிமிட ஆங்கிலச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓடவிடுங்கள். முடிந்ததும், காதில் விழுந்த சொற்களை 'ஐ ஹர்ட்…' என்று தொடங்கி எழுதுங்கள். அப்புறம் ஊர்ப் பெயர்களோ எண்களோ ஏதாவது ஒன்றை மட்டும் தேடுவது என்று முடிவு செய்துகொண்டு இரண்டாம் முறை ஓடவிடுங்கள். அதை 'ஐ லிசன்ட் ஃபார்…' என்று எழுதுங்கள். ஒரு வாரம் செய்தபின் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டாவதில் மட்டும் உள்ளவற்றை அடிக்கோடிடுங்கள்.